மதிகெட்டான் சோலையும் திசையறி ஓட்டமும்

(கேரள, தமிழக எல்லையோர மாவட்டங்களின் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பூப்பாறைக்கு அருகே ஒரு காடு உண்டு. 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர். அதனைச் சதுரமாக எண்ணிக்கொண்டால் ஒரு பக்கத்தின் நீளம் 3.6 கிலோமீட்டருக்கும் குறைவே. அவ்வளவு சிறிய காட்டுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் மதிகெட்டான் சோலை. உள்ளே புகுந்தவன் வழி தவறி மதி மயங்கி நிற்பான் என்பது அப்பெயருக்கு வழங்கும் விளக்கம். 4 கிலோமீட்டர் நடக்கத் தெரிந்த எவனும் வெளியேறிவிடக் கூடிய இடத்தில் மதி கெடுவது ஏன்? சோலைக்குள் நிற்பவனுக்கு வானம் தெரியாது, எதிர்முகடு தெரியாது, ஒரு மடிப்பு மற்றொரு மடிப்பைப் போலவே இருக்கும். அவனுக்குக் காலில் குறைவில்லை. தான் நிற்கும் இடம் எது என்ற அறிவே அங்கு அற்றுப்போகிறது.

இந்த ஒன்றையே பொருளாகக் கொண்டு ஒரு விளையாட்டு உலகில் நடைபெற்று வருகிறது. ஓரியண்டீரிங் என்று வழங்கும் அதனைத் தமிழில் திசையறி ஓட்டம் எனலாம். நம் நாட்டில் இதனை அறிந்தோர் பெரும்பாலும் படைத்துறையினர், சாரணர், தேசிய மாணவர் படையினர் ஆகியோரே. இந்த ஓட்டத்தில் ஈடுபடும் இளைஞன் வெளிநாட்டுப் பயிற்சி முகாம்களுக்கும் போட்டிகளுக்கும் ஏன் செல்ல வேண்டும், சென்றால் அங்கு என்ன கற்கிறான், நம் மலைப்பகுதிக்கு அதனால் ஆவது என்ன என்பனவற்றைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

முதலில் விளையாட்டின் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஓடுபவன் புறப்படும் நொடியில்தான் அவன் கையில் வரைபடம் தரப்படும். அதில் அவன் செல்ல வேண்டிய குறியிடங்கள் ஊதா நிற வட்டங்களாக எண்ணிட்டுக் காட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு குறியிடத்திலும் 30 சென்டிமீட்டர் சதுரமான, ஆரஞ்சும் வெள்ளையுமான துணிக்கூடு ஒன்று தொங்கும். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டு, குறைந்த நேரத்தில் திரும்புபவன் வெற்றி பெறுவான். வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே பாதை எதுவும் வகுக்கப்பட்டிராது. அதனை அவனே வகுத்துக்கொள்ள வேண்டும். தனிநபர் போட்டிகளில் ஒருவரையொருவர் பின்தொடராதபடி இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் ஓட்டக்காரர்கள் அனுப்பப்படுகின்றனர். குறியிடத்தின் இயல்பை, அதாவது பாறையின் கீழ்ப்புறமா, ஓடை பிரியும் இடமா, சிறு குழியா என்பதை, உலகெங்கும் பொதுவான சித்திரக் குறிகளால் தெரிவிப்பர். ஆங்கிலம் அறியாத மாணவனும் இக்குறிகளை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம்.

இச்சொல் பிறந்தது ஸ்வீடன் நாட்டுப் படைத்துறையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில். அறியாத நிலத்தை வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு கடப்பதை அது குறித்தது. பொதுமக்களுக்கான முதற் போட்டி 1897இல் நார்வேயில், இன்றைய ஆஸ்லோ நகருக்கு அருகில் நடந்தது. அதில் மூன்றே குறியிடங்கள் இருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் ஸ்டாக்ஹோமில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்னும் படைத்தலைவர், இளைஞர்கள் ஓட்டத்தில் ஆர்வம் இழந்துவருவதைக் கண்டு, அவர்களைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று இதனைப் பரப்பினார். 1961இல் கோபன்ஹேகனில் பத்து நாடுகள் கூடி உலகக் கூட்டமைப்பை நிறுவின. முதல் உலகப் போட்டி 1966இல் பின்லாந்தின் பிஸ்கார்ஸ் என்னும் ஊரில் நடந்தது. 2005இல் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் நடந்தபோதுதான் உலகப் போட்டி ஆசியாவில் முதன்முறையாகக் கால் வைத்தது.

வரலாற்றை விட வரைபடமே நமக்கு முக்கியம். அதனிடம் சற்று நின்று செல்வோம். பள்ளியில் நாம் கண்ட நிலத்தோற்றப் படத்தின் அளவு பெரும்பாலும் 1:50,000. அதில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் 500 மீட்டர். ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஒரு பிரிவு முழுவதும் அதில் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். திசையறி ஓட்டத்தின் படமோ 1:15,000 அல்லது 1:10,000 அளவினது. பின்னதில் ஒரு சென்டிமீட்டர் 100 மீட்டர். சம உயரக் கோடுகள் பொதுவாக 5 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பெறும். ஆளுயரப் பாறை அதில் ஒரு கரும்புள்ளியாக இடம்பெறும். பழுப்பு நிறம் நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும், நீலம் நீரையும், கருமை பாறையையும் மனிதன் அமைத்தவற்றையும் காட்டும். மஞ்சள் திறந்த வெளி. இங்கே புதியவர் வியக்கும் செய்தி ஒன்று உண்டு: வெள்ளையாக விடப்பட்ட இடம் வெறும் வெளியன்று, தடையின்றி ஓடக்கூடிய காடு. பச்சை நிறம் அடர அடர ஓட்டத்தின் வேகம் குறையும். மிக அடர்ந்த பச்சை என்றால் உள்ளே புகாதே என்று பொருள். காட்டை மரத்தின் பெயரால் அல்லாமல், மனிதன் அதில் எவ்வளவு வேகமாகச் செல்ல முடியும் என்பதால் வகைப்படுத்திய படம் இது. எனக்குத் தெரிந்தவரை, ஓடுபவனின் மூச்சைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வரையப்படும் படம் வேறில்லை.

இப்படத்தை வாசிப்பது என்பது ஒரு கணக்கு. முகட்டின் மேலேறி நேரே செல்வதா, அடிவாரத்தைச் சுற்றிச் செல்வதா? ஒரு மீட்டர் ஏற்றம் ஏறக்குறைய 8 முதல் 10 மீட்டர் சமதள ஓட்டத்துக்கு ஈடு என்பது பயிற்சியாளர் கொள்ளும் விதி. 40 மீட்டர் ஏறி இறங்குவதை விட 300 மீட்டர் சுற்றுவது மேலாகலாம். நம் பகுதியினர் இக்கணக்கை வேறு வடிவில் அறிவர். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் பாலக்காட்டிலிருந்து அங்குச் செல்லும் அலுவலர் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் கேரளத்துக்குள் நுழைகிறார். நேர்கோடு குறுகியது, ஆனால் மலை குறுக்கே நிற்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று நாம் பெயரிட்டிருக்கும் இடங்களெல்லாம் இக்கணக்கைத் தலைமுறை தலைமுறையாக நடந்தே தீர்த்தவர்கள் விட்டுச்சென்ற விடைகள்தாம்.

அப்படியானால் மறையூரிலோ மூணாற்றிலோ வட்டவடையிலோ பிறந்த மாணவன் இவ்விளையாட்டில் பாதி தேர்ந்தவனாகத்தானே இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காலைப் பொறுத்தவரை அது உண்மை. கண்ணைப் பொறுத்தவரை அன்று. தன் ஊரில் அவன் படம் பார்ப்பதில்லை, நினைவில் நடக்கிறான். ஓடையின் ஓசை எப்பக்கம், ஆனைமுடி எப்பக்கம், தோட்டத்து மணி எங்கே அடிக்கிறது என்பன அவனை வழிநடத்துகின்றன. சோலை மடிப்பில் இருக்கும், புல் முகட்டில் இருக்கும் என்ற அறிவு அவன் உடம்பில் ஊறியது. அவனை அப்படியே கொண்டுபோய்ப் பின்லாந்தின் காட்டில் விட்டால் இத்தனையும் ஒரே நொடியில் பயனற்றுப்போகும். பனிப்பாறைகள் தேய்த்துச் சென்ற அந்நிலத்தில் பெருமலை இல்லை. 10 மீட்டர், 20 மீட்டர் உயரமுள்ள எண்ணற்ற சிறு மேடுகள், அவற்றுக்கு இடையே சதுப்பு, எங்கும் பாசி படர்ந்த பாறைகள், ஒரே உயரத்தில் ஊசியிலை மரங்கள். ஏறி நின்று பார்க்க ஒரு முகடும் கிடையாது. அங்கே அவன் முதன்முறையாகப் படத்தை மட்டுமே நம்பியாக வேண்டும். படத்தை வாசிக்கக் கற்பது அந்தக் கணத்தில்தான் தொடங்குகிறது.

அறிந்த நிலத்தில் திசையறி ஓட்டம் இல்லை. ஆகவேதான் இவ்விளையாட்டில் வெளியூரும் வெளிநாடும் பயிற்சியின் உடலாகவே அமைகின்றன. நீச்சல் வீரனுக்கு எந்த நாட்டுக் குளமும் 50 மீட்டர்தான். தடகள வீரனுக்கு எங்கும் 400 மீட்டர் வட்டம்தான். திசையறி ஓட்டக்காரனுக்கோ நாட்டுக்கு நாடு களம் மாறுகிறது. ஐச்சியில் செங்குத்தான முகட்டுக் கிளைகளும் ஓடை மடிப்புகளும். ஜூரா மலையில் சுண்ணாம்புக் குழிகள். நார்வேயில் வழுக்குப் பாறையும் சதுப்பும். இவற்றுள் எதில் அடுத்த போட்டி நடக்குமோ அத்தகைய நிலத்தில் சில வாரங்களேனும் பழகாதவன், உடல்வலிமையில் எவ்வளவு மேம்பட்டவனாயினும், முதல் மூன்று குறியிடங்களுக்குள்ளேயே பின்தங்கிவிடுவான்.

இதில் நுட்பமான ஒரு விதி உண்டு. போட்டி நடக்கவிருக்கும் காடு, சில சமயம் ஆண்டுக் கணக்கில் முன்னதாகவே, ஓட்டக்காரர்களுக்கு மூடப்பட்டுவிடும். அதனுள் எவனும் நுழைந்து பார்க்கலாகாது. அதே வகையான நிலம் அருகில் எங்கே இருக்கிறது, அதற்கு நல்ல படம் இருக்கிறதா என்று தேடி, அங்கேதான் முகாம் அமைப்பர். போட்டிக்கு முந்தைய நாள் மாதிரி ஓட்டம் என்று ஒன்றை நடத்திப் படம் எவ்வகையில் வரையப்பட்டிருக்கிறது என்று காட்டுவர். அந்த ஒரு நாளை மட்டும் நம்பி நெடுந்தொலைவிலிருந்து விமானமேறி வரும் அணிகளும் உண்டு. அவற்றின் முடிவுகளை நான் இங்கு விவரிக்கத் தேவையில்லை.

முகாமில் நடப்பது என்ன? பெரும்பாலும் வேகமான ஓட்டம் அன்று. காலையில் சம உயரக் கோடுகள் தவிர மற்றெல்லாம் நீக்கிய படத்தைத் தருவர். பாதையும் பாறையும் இல்லாமல் நிலத்தின் வடிவத்தை மட்டும் கொண்டு செல்ல வேண்டும். மற்றொரு நாள், குறுகிய நாடா போன்ற பகுதி மட்டும் தெரிய, மீதியெல்லாம் வெள்ளையாக மறைக்கப்பட்ட படம். நாடாவை விட்டு விலகினால் தொலைந்தான். வேறொரு நாள் குறியிடத்தில் மட்டும் படம் இருக்கும். அடுத்த இடத்தை மனத்தில் பதித்துக்கொண்டு வெறுங்கையோடு ஓட வேண்டும். மாலையில் ஒவ்வொருவனும் தான் சென்ற வழியைச் சிவப்புக் கோலால் தன் படத்தில் வரைவான். பிறகு செயற்கைக்கோள் கருவி பதிந்த உண்மை வழியை அதன் மேல் வைத்துப் பார்ப்பர். தான் சென்றதாக அவன் எண்ணிய வழிக்கும் மெய்யாகச் சென்ற வழிக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கண்ணால் காண்பதே முகாமின் பெரும்பயன் என்பேன். பத்து நாளில் இருபது முறை இதனைக் கண்டவன், ஓடும்போதே தன்னை ஐயுறக் கற்றுக்கொள்கிறான். ஐயம் எழுந்த இடத்தில் நிற்பதா, திரும்புவதா, தொடர்வதா என்ற முடிவைப் பதற்றமின்றி எடுக்கிறான்.

வடநாடுகளில் பிறவாதவர் இதில் மேல்நிலை எய்த முடியுமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. பிரான்சின் சாந்தெத்தியேன் நகரில் பிறந்த தியரி ஜார்ஜியூ அதனைப் போக்கியவர்களுள் ஒருவர். அவர் பின்லாந்தின் யோவென்சூ நகரைச் சேர்ந்த கலேவன் ரஸ்தி என்னும் மன்றத்துக்காக ஓடினார். அந்நாட்டுக் காட்டிலேயே பழகினார். 2003இல் சுவிட்சர்லாந்தில் தம் முதல் உலகப் பட்டத்தை வென்றார். 2017 வரை களத்தில் இருந்தார். அதன்பின் ஸ்வீடன் நாடே அவரைத் தன் தேசிய அணிக்குப் பயிற்சியாளராக அமர்த்தியது. சுவிட்சர்லாந்தின் சிமோன் நிக்லி ஸ்வீடனின் உல்ரிசெஹாம்ன் மன்றத்துக்காக ஓடியவர். 2003இல் தம் நாட்டில் நடந்த உலகப் போட்டியில் நான்கு பிரிவுகளிலும் தங்கம் வென்றார். 2005இல் முற்றிலும் வேறான ஐச்சி நிலத்திலும் அதனையே மீண்டும் செய்தார். அவருடைய உலகத் தங்கங்கள் மொத்தம் 23. இவர்கள் இருவரும் வடநாடுகளுக்கு விருந்தினராகச் சென்று மீண்டவர்கள் அல்லர். அங்குள்ள மன்றத்தில் உறுப்பினராகி, சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளிலும் ஓடி வளர்ந்தவர்கள். இம்முறை நம் இளைஞர்களுக்கும் திறந்தே இருக்கிறது. மன்றங்கள் நாடு பார்ப்பதில்லை.

எந்தப் போட்டிக்கு அனுப்புவது என்பதில் நம்மிடையே ஒரு மயக்கம் உண்டு. உலக இளையோர் போட்டி 1990 முதல் நடைபெற்று வருகிறது. 20 வயது வரை உள்ளவர்கள் அதில் ஓடலாம்; ஒரு நாட்டிலிருந்து ஆண்கள் அறுவர், பெண்கள் அறுவர் செல்லலாம். பெயர் பெரிது என்பதால் முதற் பயணமே அதற்காக அமைய வேண்டும் என்று எண்ணுவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. புதியவனுக்கு ஏற்றது ஸ்வீடனின் ஓ-ரிங்கன். 1965இல் தொடங்கிய இந்த ஐந்து நாள் விழாவில் பத்து வயதுக் குழந்தை முதல் எண்பது வயது முதியவர் வரை வயதுக்கும் திறனுக்கும் ஏற்பப் பிரிவுகள் உண்டு, பல்லாயிரவர் கலந்துகொள்கின்றனர். ஐந்து நாளில் ஐந்து ஓட்டம், ஒவ்வொரு மாலையும் தன் பிழையைத் தானே ஆராயும் வாய்ப்பு. பெயரளவில் அது போட்டி, பொருளளவில் முகாம். பின்லாந்தின் யூகோலா தொடரோட்டமோ ஜூன் மாதத்து இரவில், 11 மணிக்குப் புறப்படுவது. அணிக்கு எழுவர். 1949இல் தொடங்கிய அதன் பெயர், அலெக்சிஸ் கிவி எழுதிய ‘எழுவர் சகோதரர்’ என்னும் பின்லாந்து நாவலின் உடன்பிறந்தாரிலிருந்து வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் நெற்றிவிளக்குடன் ஒருங்கே காட்டுக்குள் புகும் காட்சியை முதல் அனுபவமாக ஒரு மாணவனுக்குத் தர நான் தயங்குவேன்.

2009இல் ஹங்கேரியின் மிஷ்கோல்ட்சில் நடந்த உலகத் தொடரோட்டத்தையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனின் மார்ட்டின் ஜோஹான்சனின் தொடையில் காட்டுக்குள் மரக்குச்சி ஒன்று ஆழப் பாய்ந்தது. முன்னணியில் இருந்த பிரான்ஸ், நார்வே, செக் நாட்டு ஓட்டக்காரர்கள் பதக்கத்தை விட்டு நின்று அவருக்கு உதவினர். பிரான்சின் சார்பில் நின்றவர் மேலே கூறிய ஜார்ஜியூவே. பின்னால் வந்த சுவிட்சர்லாந்து வென்றது. காட்டில் ஒருவன் தனியே ஓடுகிறான் என்றாலும், அங்கு அவனைக் காப்பவன் அவனோடு போட்டியிடுபவனே.

இனி நம் மண்ணுக்கு வருவோம். ஓட்டத்துக்கு இவ்விரு மாவட்டங்களில் பஞ்சமில்லை. தொடுபுழாவின் ஷைனி ஆபிரகாம் 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் அரையிறுதி வரை சென்றார். இடுக்கியின் கொம்பொடிஞ்ஞாலைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வென்றபோது, அவருடைய தம்பி பினு அதே தொலைவில் ஆடவர் பிரிவில் வெள்ளி வென்றார். ராஜாக்காட்டுப் பக்கத்து மலையில் பிறந்த பிரீஜா ஸ்ரீதரன் பாலக்காட்டில் ரயில்வேயில் பணியாற்றியவர். 2010இல் குவாங்சோவில் 10,000 மீட்டர் தங்கத்தையும் 5,000 மீட்டர் வெள்ளியையும் கொண்டுவந்தார். ஏலத்தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள் சமதள வட்டத்தில் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் காலோடு கோப்பும் ஓட வேண்டும். பாலக்காடு முண்டூரின் பி.யு. சித்ரா 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் தங்கம் வென்றார். அடுத்த மாதம் லண்டனில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்கான இந்தியப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவரைச் சேர்க்குமாறு கேரள உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பெயர் அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று உலக அமைப்பு ஏற்க மறுத்தது. அவர் 2019இல் தோகாவில் மீண்டும் ஆசியத் தங்கம் வென்று விடையளித்தார் என்பது வேறு. தேர்வின் நியாய அநியாயத்தை நான் இங்கு ஆராயப் புகவில்லை. இங்குள்ள அலுவலர்களுக்கு நான் சுட்ட விரும்புவது தேதி ஒன்றையே. நீதிமன்றத்தின் ஆணையும் கடக்க முடியாத கெடு அது. வெளிநாட்டு முகாமுக்கு இது இன்னும் பொருந்தும். ஜூலையில் ஸ்வீடன் செல்ல வேண்டியவனுக்குக் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் நிதி ஒப்புதலும் ஜூன் இறுதியில் கிடைத்தால் அவன் போட்டிக்குப் போய்ச் சேரலாம், முகாமுக்குப் போய்ச் சேர முடியாது. முகாம் இல்லாத போட்டி இவ்விளையாட்டில் வெறும் பயணச் செலவு.

அடுத்தது படம். ஸ்வீடனில் ஒரு பள்ளி மாணவன் தன் ஊர்க் காட்டின் 1:10,000 படத்தை மன்றத்தில் கேட்டுப் பெறுகிறான். நம் நிலை என்ன? இம்மலைகள் அளக்கப்படாதவை அல்ல. 1802இல் லாம்டன் சென்னையில் அடிக்கோடு அளந்து பெருமுக்கோண அளவையைத் தொடங்கினார். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அலுவலர்கள் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளைக் காடு மேடு பாராமல் அளந்து விரிவான குறிப்பும் எழுதினர். அளந்தோம், ஆனால் அளந்ததை நெடுங்காலம் பூட்டி வைத்தோம். நாட்டெல்லையையும் கடற்கரையையும் ஒட்டிய அகன்ற பட்டையின் படங்கள் பொதுமக்களுக்குத் தடுக்கப்பட்டவையாக இருந்தன. கேரளத்தின் பெரும்பகுதி அப்பட்டைக்குள் அடங்கியது. 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கை, பாதுகாப்புக்குரிய படவரிசை ஒன்றும் பொதுமக்களுக்குரிய படவரிசை ஒன்றுமாகப் பிரித்து வழியைச் சற்றே திறந்தது. 2021 பிப்ரவரியில் வந்த நிலத்தகவல் நெறிமுறைகள், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றியே நிலத்தை அளந்து படம் ஆக்கலாம் என்று பெரும்பாலும் விடுவித்தன. சட்டம் வழிவிட்ட பின்னும் ஊருக்கு ஊர் படம் தோன்றிவிடவில்லை. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே நடந்து வரைந்தால் ஒழிய அது தோன்றவும் போவதில்லை.

எங்கே வரைவது என்பதில் கவனம் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அனுமதியின்றி நுழைய முடியாது, நுழையவும் கூடாது. சின்னாரும் இரவிகுளமும் மதிகெட்டானும் ஓடுகளங்கள் அல்ல. வடநாட்டு ஓட்டக்காரனுக்கு யானை என்னும் கவலை இல்லை; நமக்கு உண்டு. விடியற்காலை மூடுபனியில் ஏலக்காட்டுக்குள் மாணவர்களை ஓடவிடும் பயிற்சியாளரை நான் மன்னிக்க மாட்டேன். தோட்ட நிறுவனங்களின் இசைவோடு தேயிலைப் பிரிவுகளின் பாதைகளும் ஓடைக்கரைகளும், கல்லூரி வளாகங்கள், சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் பாறைக்குன்றுகளும் தொடக்கத்துக்குப் போதும். காலம் டிசம்பர், ஜனவரி. பிப்ரவரிக்குப் பின் புல் காய்ந்து தீப் பருவம் தொடங்கிவிடும்.

தீயைச் சொன்னதும் குரங்கணி நினைவுக்கு வராமல் போகாது. 2018 மார்ச் 11ஆம் நாள், போடிக்கு மேலே, இடுக்கி எல்லையை ஒட்டிய சரிவில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் காட்டுத்தீயில் சிக்கினர். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளைஞர். அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. கையில் படம் இருந்திருந்தால் பிழைத்திருப்பர் என்று சொல்லவும் மாட்டேன். ஆயினும் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும் என்பதும், எந்த மடிப்பு எங்கே முடியும், அருகில் புல்லற்ற பாறைவெளி எங்கே என்பதும் மலைக்குள் செல்லும் எவரும் கால் வைக்கும் முன்பே அறிந்திருக்க வேண்டியவை. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டே மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. விதி யார் நுழையலாம் என்று சொல்லும். நுழைந்தவனுக்கு நிலத்தைச் சொல்லித் தராது. அதைச் சொல்லித் தரக்கூடியவர்கள் நம்மிடையே உள்ளனர். இடமலைக்குடியின் முதுவர் மக்களுக்கு அந்த மலைமடிப்புகள் மனப்பாடம். பெரியாறு காப்பகத்தில், ஒரு காலத்தில் காட்டுக்குள் கள்ளத்தனமாக வயணப் பட்டை உரித்தவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கிக்கொண்டது. படம் வரையும் ஆசிரியரோடு அத்தகையோர் ஒருவர் நடந்தால் ஓராண்டு வேலை ஒரு பருவத்தில் முடியும். அவர்களுக்குக் கூலி தர வேண்டும். மரியாதைச் சால்வை போதாது.

செலவின் வரிசையைப் பற்றி ஒரு சொல். இப்போது நாம் முதலில் வெளிநாட்டுப் பயணத்தை எண்ணுகிறோம். அதனைப் பரிசாகக் கருதுகிறோம்; யாருக்குத் தருவது என்று வழக்கிடுகிறோம். என் கருத்தில் முதற் செலவு ஊர்ப் படம். இரண்டாவது, ஊரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு அப்பால் வேறு வகை நிலத்தில் நடக்கும் முகாம்: இடுக்கி மாணவன் பாலக்காட்டுக் கணவாயின் சமவெளிக்கும், பாலக்காட்டு மாணவன் இடுக்கியின் சரிவுக்கும் செல்லட்டும். இவ்விடமாற்றமே பாதி வெளிநாடு. இதில் தேறியவன், தன் ஊரைவிட மற்றவன் ஊரில் நன்றாக ஓடுபவன் எவனோ, அவனையே கடல் கடந்து அனுப்ப வேண்டும். தன் ஊரில் முதலில் வருபவனை அனுப்புவது இவ்விளையாட்டின் இயல்பை அறியாத தேர்வு. அனுப்பும்போதும் போட்டிக்கு மூன்று வாரம் முன்னதாக அனுப்ப வேண்டும். மீண்டு வந்தவன் தான் வரைந்த சிவப்புக் கோட்டுப் படங்களை எல்லாம் தன் பள்ளியில் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையிலேயே எழுதிவிடலாம்.

தேசிய மாணவர் படையில் உள்ள நண்பர்கள் படவாசிப்பைப் பாடமாகப் படிக்கிறீர்கள். சம உயரக் கோட்டின் இலக்கணத்தை ஒப்பிக்கவும் செய்கிறீர்கள். அடுத்த விடுமுறையில் உங்கள் கல்லூரி வளாகத்தை 1:4,000 அளவில் வரைந்து பாருங்கள். நகர்ப்புறக் குறுவோட்டத்துக்கு உலகெங்கும் கொள்ளும் அளவு அதுவே. ஒரு சென்டிமீட்டர் 40 மீட்டர். காலடியை எண்ணியே தொலைவை அளக்கலாம். 100 மீட்டருக்கு உங்களுக்கு எத்தனை அடி என்பதைச் சமதளத்தில் ஒரு முறையும் ஏற்றத்தில் ஒரு முறையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றாக இராது. காந்த வடக்குக் கோடுகளைப் படத்தில் முதலிலேயே இட்டுவிடுங்கள். குறியிடக் கூடுகளுக்கு ஆரஞ்சும் வெள்ளையுமான துணி வேண்டும். ஒவ்வொரு முகமும் 30 சென்டிமீட்டர் சதுரம், மூலைவிட்டமாக இரு நிறம், அவ்வாறு மூன்று முகங்கள் சேர்ந்தது ஒரு கூடு. இருபது கூடுகள் தைக்க உங்கள் ஊர்த் தையற்காரருக்கு ஒரு நாள் ஆகும்.